நுண்ணோக்கியைத் தொட்டுப் பழகுவோம்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச வருவோர் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணிகளை எடுத்துரைப்பது வழக்கம். அதனை நமக்கு முன்னர்ப் பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ இம்மேசையின்மீது இருக்கிறது. விழாவின் நினைவாக நம் மாலைநேரப் படிப்பகத்துக்கெனச் சங்கம் வாங்கியுள்ள இரண்டு நுண்ணோக்கிகளுள் இஃது ஒன்று. பள்ளிகளில் மைக்ராஸ்கோப் என்று வழங்குவதும் இதுவே. இதன் உறுப்புகள் யாவை, இதனைக் கையாளும் முறை யாது, இதனால் நமக்கு என்ன பயன் என்பவற்றைச் சொல்வதே நம் நோக்கம்.

கல்லூரியில் வரலாறு பயின்ற ஒருவருக்கு நுண்ணோக்கியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று இளைஞர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடையாக ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்.

நாம் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது, பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஆண்டுக்கு ஒருநாள் அது வெளியே வரும். மாணவர்கள் வரிசையில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். "கண்ணால் பார், கையால் தொடாதே" என்பதே கட்டளை. நம் தெருப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நின்றோம். நம் முறை வருமுன் மணி அடித்துவிட்டது; கருவியும் அலமாரிக்குள் போய்விட்டது. மறுநாள் வெங்காயத் தோலின் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தோம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. காணாத ஒன்றைக் கண்டதாக எழுதிப் பெற்ற மதிப்பெண் அது.

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பின்னர் ஒருநாள் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தோம். 'நுண்ணோக்கி - 3' என்றிருந்தது. பெட்டிகளைத் திறந்தால், ஒன்றின் நெகிழி உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் 'இருப்பு சரி' என்று கையொப்பம் மட்டும் ஏறியிருந்தது. நம் பள்ளி அறிவியல் ஆசிரியை அதனை வெளியே எடுத்து, துடைத்து, சன்னலோரம் வைத்து, "ஐயா, நீங்களே திருகிப் பாருங்கள்" என்றார். நாற்பத்தாறாம் வயதில் நாம் முதன்முதலாக நுண்ணோக்கியைத் தொட்டோம். அன்று முதல் அவரிடம் மாணவராயிருந்து கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

இக்கருவியின் வரலாற்றிலும் நமக்கு ஊக்கமூட்டும் ஒருவர் உண்டு. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்த லூவன்ஹாக் துணி வணிகர். பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர், அக்கால அறிஞர்களின் மொழியாகிய இலத்தீனும் அறியாதவர். கண்ணாடியைத் தாமே தேய்த்துச் சிறு வில்லைகள் செய்தார். ஒற்றை வில்லை பதித்த அக்கருவிகளுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டக்கூடியது. நீரில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டு, 1676இல் இலண்டன் இராயல் கழகத்துக்குத் தம் தாய்மொழியிலேயே கடிதம் எழுதினார். அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. 1677இல் இராபர்ட் ஹூக் என்பார் அதனைக் கழகத்தாருக்குக் காட்டிய பின்னரே ஏற்றனர். 1680இல் அத்துணி வணிகரைத் தம் உறுப்பினராகவும் ஆக்கிக்கொண்டனர். பட்டத்தால் வராத மதிப்பு, கண்டதைக் கண்டபடி எழுதியதால் வந்தது.

இனிக் கருவிக்கு வருவோம். கீழே குதிரை லாட வடிவில் கனமாக இருப்பது அடித்தளம். அதிலிருந்து எழுந்து வளைந்து நிற்பது கை. நுண்ணோக்கியைத் தூக்கும்போது ஒரு கையால் இவ்வளைவைப் பற்றி, மற்றொரு கையை அடித்தளத்தின் கீழ்த் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கும் முறையை நம் தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; அதே கவனம் இங்கும் வேண்டும்.

கையின் மேற்பகுதியில் குழாய் உள்ளது. குழாயின் மேல்முனையில், நாம் கண்ணை வைக்கும் இடத்தில் இருப்பது கண்ணருகு வில்லை. கீழ்முனையில் சுழலும் தட்டு ஒன்றில் இரண்டு அல்லது மூன்று பொருளருகு வில்லைகள் பொருத்தப்பட்டுள்ளன. தட்டைத் திருப்பினால் வேண்டிய வில்லை 'டக்' என்ற ஒலியுடன் தன் இடத்தில் வந்து நிற்கும். அவ்வொலி கேளாவிடில் வில்லை சரியான இடத்தில் இல்லை. பார்த்தால் இருளே தெரியும்.

ஒவ்வொரு வில்லையின்மீதும் அதன் பெருக்கும் திறன் பொறிக்கப்பட்டிருக்கும். இக்கருவியில் கண்ணருகு வில்லை 10 மடங்கு. பொருளருகு வில்லைகள் 10 மடங்கும் 45 மடங்கும். இரண்டையும் பெருக்கினால் மொத்தத் திறன் வரும். பத்தும் பத்தும் பெருக்க 100 மடங்கு; பத்தும் நாற்பத்தைந்தும் பெருக்க 450 மடங்கு. முன்னதைக் குறைதிறன் என்றும் பின்னதை மிகுதிறன் என்றும் சொல்வோம்.

நடுவில் துளையுடன் இருப்பது மேடை. பார்க்க வேண்டிய பொருளைத் தாங்கும் கண்ணாடித் தகடு, அதாவது ஸ்லைடு, இங்கே வைக்கப்படும். இரண்டு இடுக்கிகள் அதனை நகராமல் பிடிக்கும். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் வில்லையும், ஒளியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் தடுப்பும் உள்ளன. அதற்கும் கீழே இருப்பது ஆடி. இதன் ஒருபக்கம் சமதளம், மறுபக்கம் குழி. ஒளிக்குவிப்பி உள்ள கருவியில் சமதளப் பக்கத்தையும், அஃது இல்லாத எளிய கருவியில் குழிந்த பக்கத்தையும் பயன்படுத்துக.

பக்கவாட்டில் இரண்டு திருகுகள் உள்ளன. பெரியது பருந்திருகு, ஒருமுறை சுற்றினால் குழாய் விரைவாக ஏறும், இறங்கும். சிறியது நுண்திருகு, அது குழாயைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நகர்த்தும். இவ்விரண்டையும் எப்போது திருகுவது என்று அறிந்தால் பாதி நுண்ணோக்கி கைவந்தது எனலாம்.

முதலில் ஒளியைச் சரிசெய்ய வேண்டும். கருவியைச் சன்னலுக்கு எதிரே வைத்து, குறைதிறன் வில்லையைப் பொருத்தி, ஆடியை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தால் ஒரு வெண்மையான வட்டம் தோன்றும். வட்டம் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் இருக்க வேண்டும். ஆடியை ஒருபோதும் நேராகச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. குவிந்து வரும் அவ்வொளி கண்ணைக் கெடுத்துவிடும். வானத்தின் வெளிச்சமோ, வெள்ளைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சமோ போதும்.

அடுத்து, ஸ்லைடை மேடைமீது வைத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தவாறே பருந்திருகால் குழாயை இறக்கி, வில்லையை ஸ்லைடுக்கு மிக அருகில், ஆனால் தொடாதவாறு நிறுத்துக. பின்னரே கண்ணை வைத்து, குழாயை மேல்நோக்கி மட்டும் மெல்ல ஏற்றுக. ஏற்றும்போது எங்கோ ஓரிடத்தில் உருவம் மங்கலாகத் தோன்றும். அங்கே நிறுத்தி நுண்திருகால் தெளிவாக்குக. கண்ணை வைத்தவாறே குழாயை இறக்கினால் வில்லை தகட்டில் மோதும். தகடும் உடையும், வில்லையும் கீறும். மிகுதிறனுக்கு மாறியபின் பருந்திருகைத் தொடவே கூடாது. பார்க்கும்போது மற்றொரு கண்ணை இறுக மூடுவோர் பலர். இரு கண்களையும் திறந்தே வைத்துப் பழகுக. சில நாள்களில் வந்துவிடும், களைப்பும் குறையும்.

முதற்பாடமாக ஓர் எழுத்தைப் பார்ப்போம். நாளிதழின் வரி விளம்பரத்தில் உள்ள மிகச் சிறிய 'ட' என்னும் எழுத்தை வெட்டி, ஸ்லைடில் ஒரு துளி நீரிட்டு வைத்து, குறைதிறனில் பார்த்தால், நிற்கும் கோடு வலப்புறமும் கிடைக்கோடு மேற்புறமுமாகத் தோன்றும். கருவி உருவத்தைத் தலைகீழாகவும் இடவல மாற்றத்துடனும் காட்டுகிறது. ஸ்லைடை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் ஓடும். முதலில் இது குழப்பும். பத்து நிமிடத்தில் கை தானே கற்றுக்கொள்ளும். இதைப் பாடப்புத்தகம் கண்ணுக்குச் சொல்லலாம். கைக்குச் சொல்ல முடியாது.

இரண்டாம் பாடம் வெங்காயம். ஓர் இதழின் உட்புறத்திலுள்ள மெல்லிய தோலை உரித்து, ஸ்லைடில் உள்ள நீர்த்துளியில் சுருக்கமின்றி விரித்து, ஒரு துளி அயோடினோ சாஃப்ரானினோ இடுக. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியாகிய கவர் கிளாஸை ஒரு விளிம்பை முதலில் வைத்து, ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்க வேண்டும். சட்டென வைத்தால் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். கரிய தடித்த வளையத்துடன் வட்டமாக இருப்பவை அக்குமிழ்களே. அவற்றைச் செல் என்று வரைந்த மாணவர்கள் நம் பள்ளியில் பலர். தம் கண்ணிமை மயிரையே புழு என்று வரைந்தவரும் உண்டு. தவறில்லை, பார்த்து வரைந்த தவறு, பாராமல் வரைந்த சரியினும் மேலானது.

சரியாக அமைந்தால், செங்கல் அடுக்கிய சுவர்போல நீண்ட அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் உட்கரு ஒரு புள்ளியாய் நிற்கும். 1665இல் தக்கையை ஆராய்ந்து 'செல்' என்னும் பெயரை இட்டவர் முன்னர்ச் சொன்ன ஹூக். 1831இல் உட்கருவுக்குப் பெயரிட்டு அதன் சிறப்பை உணர்த்தியவர் இராபர்ட் பிரௌன். நாமும் அளந்து பார்க்கலாம். ஒளி ஊடுருவும் அளவுகோலை மேடையில் வைத்தால் குறைதிறனில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், தெரிந்துவிடும். அவ்வட்டத்தில் நீளவாக்கில் ஐந்து செல்கள் அடங்கினால் ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர். வகுத்தல் கணக்குத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

மூன்றாம் பாடம் நம் உடலே. வாயைக் கொப்பளித்து, தூய்மையான தட்டைக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்ல வருடி, ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு துளி இட்டுப் பார்த்தால், ஒழுங்கற்ற விளிம்புடைய தட்டையான செல்களும் அவற்றின் நடுவே அடர்நீல உட்கருவும் தெரியும். அவரவர் குச்சியை அவரவரே பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும். நம் பள்ளியில் முப்பது பிள்ளைகள் தம் செல்களை எடுத்துப் பெயரிடாமல் வரிசையாக வைத்தனர். எது எவருடையது என்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை. அதைப் பற்றி ஆசிரியை ஒன்றும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

நான்காவது, குளத்து நீர். வைக்கோலை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் சிறிது குளத்து நீரை ஊற்றிச் சில நாள் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். ஒரு துளியில் செருப்பின் அடிபோன்ற பரமீசியம் சுழன்று சுழன்று நீந்துவதைக் காணலாம்.

இந்த நீர்த்துளியைக் காணும்போதெல்லாம் நமக்கு மகாத் நகரின் சவுதார் குளம் நினைவுக்கு வரும். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். உடன் சென்ற மக்களும் பருகினர். குளம் தீட்டுப்பட்டது என்று கூறி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குட நீரை அதில் ஊற்றிப் 'புனிதம்' செய்தனர். அக்குளத்தில் நம் மக்களுக்கும் உரிமை உண்டு என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாணம் கரைத்த நீரில் ஒரு துளியையும் மனிதர் கை நனைத்த நீரில் ஒரு துளியையும் ஸ்லைடில் வைத்துப் பார்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன், எது நீரைக் கெடுத்தது என்று தானே கூறுவான். தீட்டு என்பதைக் காட்டும் வில்லை இன்றுவரை செய்யப்படவில்லை; நோய் தரும் கிருமியைக் காட்டும் வில்லை செய்யப்பட்டுவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவியல் கல்வி.

ஆயினும் கருவியின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் குடிநீர் தூயது என்று முடிவு செய்துவிடலாகாது. நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். ஒளியைக் கொண்டு காண்பதற்கே ஓர் எல்லை உண்டு என்பதை 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே விளக்கினார். ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறாக்கினால் வரும் அளவுக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. 2020இல் உலகையே முடக்கிய கொரோனா வைரஸ் அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டது. அதைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

எனினும் இந்த எல்லைக்குள்ளேயே எத்துணைப் பெரும் பணிகள் நடந்துள்ளன! காசநோய்க் கிருமியைக் கண்டதாக இராபர்ட் காக் 1882 மார்ச் 24இல் அறிவித்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் இரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். வியர்வை பட்டுத் தம் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறியிருந்தன என்றும், எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது என்றும் அவரே எழுதியுள்ளார். அக்கொசுக்கள் குடித்த குருதி உசேன் கான் என்னும் நோயாளியுடையது. ஒரு கொசுவுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி. நோபல் பரிசு 1902இல் ராஸுக்குக் கிடைத்தது. உசேன் கானின் பெயரை அறிந்தோர் சிலரே. குருதி கொடுப்போராக மட்டும் நம் மக்கள் நின்ற காலம் போதும். வில்லைக்கு மேலே கண் வைப்போராகவும் நம் பிள்ளைகள் வர வேண்டும்.

இது எட்டாத கனவன்று. இன்றும் மருத்துவமனைகளில் மலேரியாவுக்கு இரத்தத்தடவலை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்கின்றனர். காசநோய்க்குப் புதிய மூலக்கூற்றுச் சோதனைகள் வந்துள்ளபோதிலும், சளியை நுண்ணோக்கியில் ஆராயும் முறையும் வழக்கில் உள்ளது. ஆய்வக நுட்புநர் பயிற்சிக்குச் செல்லும் நம் தம்பி தங்கையர், முதல்நாளிலேயே தயங்காமல் திருகைப் பற்றும் பழக்கத்தோடு செல்ல வேண்டும். அத்தயக்கம் அறிவுக் குறைவால் வருவதன்று. தொடவிடாமல் வளர்த்ததால் வருவது.

கருவியைப் பேணும் முறையையும் சொல்லிவிடுவோம். வில்லையை விரலால் தொடலாகாது. சட்டை நுனியால் துடைக்கலாகாது. மெல்லிய தூய பருத்தித் துணியே ஏற்றது. வேலை முடிந்ததும் ஸ்லைடை எடுத்துவிட்டு, குறைதிறன் வில்லையைத் திருப்பி வைத்து, உறையிட்டு மூடுக. மழைக்காலத்தில் வில்லையில் பூசணம் பிடிக்கும்; ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையைப் பெட்டியினுள் இடுக. பெட்டிக்குள் அடைந்து கிடக்கும் வில்லையிலேயே பூசணம் எளிதில் படரும் என்பதையும் மறவாதீர்கள்.

விலை மிகுந்த கருவி ஆயிற்றே என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. மீரட் நகரில் பிறந்த மனு பிரகாஷ் என்னும் அறிவியலாளர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் சேர்ந்து, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் என்னும் நுண்ணோக்கியை 2014இல் வெளியிட்டார். லூவன்ஹாக் செய்ததைப் போலவே ஒற்றை வில்லை. ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கும். பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்துச் செல்லத்தக்கது.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்விரு நுண்ணோக்கிகளையும் தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். பதிவேடு ஒன்று இருக்கட்டும். அதில் 'இருப்பு சரி' என்று எழுத வேண்டா. யார், எந்நாளில், எதைப் பார்த்தார், என்ன கண்டார் என்று பிள்ளைகளே எழுதட்டும். திறவுகோல் பத்தாம் வகுப்பு மாணவியர் இருவரிடம் இருக்கட்டும். ஞாயிறுதோறும் தாய்மார்களும் வந்து பார்க்கட்டும். ஓராண்டில் பத்துக் கவர் கிளாஸ் உடைந்தால், படிப்பகம் நன்றாக நடக்கிறது என்று பொருள். ஒன்றுகூட உடையாவிடில் நாம் கவலைப்பட வேண்டும்.

உரை முடிந்ததும் வரிசையாக வாருங்கள். இம்முறை வரிசையின் கடைசியில் நிற்பவர் பார்த்து முடிக்கும்வரை மணி அடிக்காது. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டா, திருகைப் பிடித்துக்கொள்ளுங்கள்.